பால் நீங்கிய தட்டு: நிறையும் குறையும்

வீகன் உணவைப் பற்றித் தமிழில் இரண்டு வாதங்கள் ஓங்கி ஒலிக்கின்றன. அது வசதி படைத்தவர்களின் பழக்கம், பாதாம் பாலும் முந்திரிச் சீஸும் வாங்க முடிந்தவர்களுக்கே ஆகும் என்பது ஒன்று. நம் முன்னோர் உணவே ஏறத்தாழ வீகன்தான், இட்லியும் சாம்பாரும் சுண்டலும் கூழும் இருக்கையில் புதிதாக எதைத் தேட வேண்டும் என்பது மற்றொன்று. முதல் வாதம் கடையைப் பார்த்துப் பேசுகிறது, அடுக்களையைப் பார்க்கவில்லை. இரண்டாவது அடுக்களையைப் பார்த்துப் பேசுகிறது, தட்டைப் பார்க்கவில்லை. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே அளந்து பார்த்துச் சொன்னவை அல்ல.

அளந்து பார்ப்பதே இங்கு நோக்கம். தமிழ்நாட்டில் நடுத்தர வருமானத்திலோ அதற்குக் கீழோ வாழும் ஒரு குடும்பம் இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர், நெய், தேன் அனைத்தையும் விலக்கிவிட்டு, உடல் நலம் குன்றாமலும் கையைக் கடிக்காமலும் உண்ண முடியுமா? உயிர்க்கொலை தவிர்த்தல் பற்றிய அறவாதத்தை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அதை முழுமையாக ஏற்பவரின் எலும்பும் கால்சியம் கேட்கும். ஏற்காதவர் வீட்டிலும் பருப்பு மலிவாகக் கிடைப்பது நல்லதே.

அளவுகோல்கள் நான்கு: ஊட்ட நிறைவு, விலை, உழைப்பு, சுவை மரபோடு பொருத்தம். முதலாவதற்கு நம்மிடம் உறுதியான அடிப்படை இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையைப் புதிதாக ஆய்ந்து வெளியிட்டது. 2020-ல் நாள்தோறும் வேண்டிய சத்தளவுகளைத் திருத்தியது. 2024-ல் உணவு வழிகாட்டு நெறிகளைப் புதுப்பித்தது. கீழே வரும் சத்துக் கணக்குகள் பெரும்பாலும் அவற்றை ஒட்டியவை. வாசகர் தம் வீட்டுச் சமையலை வைத்தே இவற்றைச் சரிபார்க்கலாம்.

வீகன் உணவு நம்மிடையே மூன்று வழிகளில் கைக்கொள்ளப்படுகிறது. வழக்கமான சைவச் சமையலிலிருந்து பாலை மட்டும் எடுத்துவிடுவது மரபு வழி. எடுத்த இடத்தில் பாக்கெட்டில் வரும் மாற்றுப் பொருளை வைப்பது சந்தை வழி. எந்தச் சத்து போனது, அது எதில் கிடைக்கும் என்று பார்த்துத் தட்டையே மாற்றி அமைப்பது கணக்கு வழி. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பாராட்டுவதும் பழிப்பதும்தான் இந்த விவாதத்தின் பெருங்குறை. தனித்தனியே நிறுத்துப் பார்ப்போம்.

மரபு வழியின் வலிமை அதன் பொருள் வளம். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் மெத்தியோனின் குறைவு, தானியம் அதை ஈடுகட்டுகிறது. இட்லி, தோசை, அடை, பொங்கல், பருப்புச் சாதம் என நம் அன்றாட உணவுகள் இந்தப் பொருத்தத்தின் மேல் நிற்கின்றன. மாவைப் புளிக்க வைப்பதும் பயறை முளைகட்டுவதும் தாதுக்களைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கின்றன. எள்ளுப் பொடி, கொள்ளுத் துவையல், பச்சைப்பயறுக் கஞ்சி, பருப்பு உருண்டைக் குழம்பு, தென்மாவட்டங்களில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டும் உளுந்தங்களி ஆகியவற்றில் பாலுக்கு வேலையே இல்லை. வேறு சமையல் மரபுகள் வீகனாவதற்குப் புதிய பண்டங்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நம் சமையலில் இருப்பவற்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். இது பெரிய நிறை, ஐயமில்லை.

ஆனால் சமையல் மரபில் இருப்பது வேறு, தட்டில் விழுவது வேறு. இன்றைய தட்டின் நடுவில் இருப்பது தீட்டிய வெள்ளை அரிசி. ஒரு பெண் நாளொன்றுக்கு 350 கிராம் அரிசி, 30 கிராம் துவரம் பருப்பு, 150 கிராம் காய் உண்கிறார் என்று கொள்வோம். பல வீடுகளில் இதுவே நடப்பு. அரிசியில் சுமார் 28 கிராம், பருப்பில் ஆறரை, காயில் மூன்று எனப் புரதம் 38 கிராமைத் தாண்டாது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நிறுவனம் சொல்லும் அளவு ஏறத்தாழ 46 கிராம். இதுவரை அந்த இடைவெளியை அரை டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் ஓரளவு மூடிக்கொண்டிருந்தன. அவற்றையும் எடுத்துவிட்டு அந்த இடத்தை இன்னொரு கரண்டிச் சோற்றால் நிரப்பினால் பசி அடங்கும், குறை அடங்காது. மாவுச்சத்து மேலும் கூடும். 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் ஆய்வு நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவோடு வாழ்வதாகச் சொல்கிறது. அத்தகைய நாட்டில் சோற்றைக் கூட்டும் எந்த உணவு முறையையும் நலம் தருவது என்று ஏற்க முடியாது.

அதே பெண்ணின் தட்டைக் கணக்கு வழியில் அடுக்கிப் பார்ப்போம். அரிசி 150 கிராம், கேழ்வரகு 100 கிராம், பருப்பும் பயறுமாக 85 கிராம், வேர்க்கடலை 30 கிராம், 100 கிராம் முருங்கைக்கீரை உட்படக் காய்கறி 400 கிராம். தானியத்தில் 19, பருப்பில் 19, கடலையில் 7, கீரையிலும் காயிலும் சுமார் 10 எனப் புரதம் 55 கிராமை எட்டுகிறது. தாவரப் புரதம் முழுவதும் செரிப்பதில்லை என்று ஆறில் ஒரு பங்கைக் கழித்தாலும் தேவை நிறைவேறுகிறது. பொருள்கள் எல்லாம் தெருமுனை மளிகைக் கடையில் கிடைப்பவை. மாறியிருப்பது விகிதம் ஒன்றே. ‘வீகன் உணவில் புரதம் இல்லை’ என்ற வாதம் இங்கே விழுகிறது. ‘நம் உணவிலேயே எல்லாம் இருக்கிறது’ என்ற வாதமும் இங்கேயே விழுகிறது, ஏனெனில் இந்த விகிதத்தில் பெரும்பாலோர் உண்பதில்லை.

கால்சியத்தில் தேர்வு கடினமாகிறது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும். வழிகாட்டு நெறிகள் பரிந்துரைக்கும் 300 மில்லி பாலில் சுமார் 350 மில்லிகிராம் கிடைக்கும். 100 கிராம் கேழ்வரகில் 364 இருக்கிறது. முருங்கைக்கீரையில் 300-க்கு மேல். பத்து கிராம் எள்ளில் நூற்றுக்கு மேல். எள்ளையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் மேலே சொன்ன தட்டு ஆயிரத்தை நெருங்குகிறது. ஆனால் கூட்டல் கணக்கு உடலின் கணக்கு ஆகாது. பாலின் கால்சியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உடலில் சேர்கிறது. கேழ்வரகின் ஃபைட்டேட்டும் முளைக்கீரை, தண்டுக்கீரை போன்றவற்றின் ஆக்சலேட்டும் எள்ளின் தோலில் இருக்கும் ஆக்சலேட்டும் தம் பங்கைப் பிடித்துக்கொள்கின்றன. ‘ஒரு டம்ளர் பாலைவிட எள்ளில் பத்து மடங்கு கால்சியம்’ என்று பரப்புவோர் எடைக்கு எடை ஒப்பிடுகிறார்கள். எவரும் எள்ளை டம்ளரில் அளந்து உண்பதில்லை.

இந்தக் குறை கற்பனை அன்று. இங்கிலாந்தில் பல்லாயிரம் பேரை நெடுங்காலம் பின்தொடர்ந்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் 2020-ஆம் ஆண்டு முடிவு, வீகன்களிடம் எலும்பு முறிவு இறைச்சி உண்போரைவிட 43 விழுக்காடு கூடுதல் என்று காட்டியது. இடுப்பெலும்பு முறிவு இரு மடங்குக்கும் மேல். கால்சியத்தையும் புரதத்தையும் கணக்கில் எடுத்தபின் இடைவெளி சற்றுக் குறைந்தது, மறையவில்லை. அவர்கள் தட்டில் கேழ்வரகோ முருங்கையோ இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எனவே அந்த எண்ணை அப்படியே நம்மீது சுமத்த முடியாது. ஆனால் நம் தட்டு அதிலிருந்து காக்கும் என்று சொல்ல நம்மிடம் அத்தகைய நீண்ட ஆய்வும் இல்லை. முளைகட்டிய கேழ்வரகு, ஆக்சலேட் தொல்லை குறைந்த முருங்கைக்கீரை, கால்சியம் உப்பால் உறையவைத்த டோஃபு ஆகியவற்றை நாள்தோறும் விடாமல் உண்பவருக்குக் கால்சியத்தில் தேர்ச்சி தரலாம். அவ்வப்போது உண்பவருக்குத் தர இயலாது.

இரும்பில் நிலைமை வேறு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்கிறது. இம்மாநிலத்தில் மிகப் பெரும்பாலோர் அசைவம் உண்பவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாலில் இரும்பு அநேகமாக இல்லை. அதன் கால்சியம் பிற உணவின் இரும்பைச் சேரவிடாமல் ஓரளவு தடுக்கவும் செய்கிறது. ஆகவே இரும்புக் குறை வீகன் தட்டுக்கே உரிய குறை என்று குற்றம் சாட்டுவது நேர்மையாகாது. அதே சமயம், பெண்ணுக்கு வேண்டிய 29 மில்லிகிராமை மேலே அடுக்கிய நல்ல தட்டுகூட முழுதாக எட்டுவதில்லை, இருபதைச் சுற்றியே நிற்கிறது. கீரைப் பொரியலோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ப்பதும், காப்பி, டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைப்பதும் இருப்பதை உடலில் சேர்க்கும் வழிகள். இரண்டுக்கும் செலவில்லை.

மரபு வழி முற்றாகத் தோற்கும் இடம் வைட்டமின் பி12. இங்கே மழுப்பலுக்கு இடமில்லை. அதை உண்டாக்குவன நுண்ணுயிர்கள். நாம் அதை விலங்குணவின் வழியாகவே பெற்றுவருகிறோம். எந்தக் கீரையும் பயறும் காயும் அதை நம்பத்தகுந்த அளவில் தருவதில்லை. சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். 1944-ல் டொனால்ட் வாட்சனும் தோழர்களும் இங்கிலாந்தில் வீகன் சங்கத்தைத் தொடங்கியபோது இந்த வைட்டமின் இன்னும் பிரித்தெடுக்கப்படவில்லை. அது 1948-ல்தான் கைக்கு வந்தது. தொடக்ககால வீகன்களிடம் கண்ட குறைபாடு 1950-களிலேயே ஆய்விதழ்களில் பதிவாகிவிட்டது. அவர்கள் அறியாமல் இடறினார்கள். இன்று அறிந்தபின்னும் ‘மரபில் எல்லாம் உண்டு’ என்று சொல்பவர் அந்த முதல் தலைமுறையின் அனுபவத்தை வீணாக்குகிறார்.

பழைய சோற்றை இங்கே சாட்சிக்கு அழைப்பது வழக்கம். ஓர் இரவு ஊறினால் 100 கிராம் சோற்றின் இரும்பு 3.4 மில்லிகிராமிலிருந்து 73.91 ஆகிறது என்றும், பி12 பெருகுகிறது என்றும் ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றிவருகிறது. இரும்பு ஒரு தனிமம். புளிப்பதால் அது உற்பத்தியாகாது. புளித்தல் இருக்கும் இரும்பை எளிதில் சேரும்படி விடுவிக்கலாம். நீரிலிருந்தோ கலத்திலிருந்தோ சிறிது இறங்கலாம். இருபது மடங்காகப் பெருகுவதற்கு வேதியியலில் வழியில்லை. பி12-ஐ உண்டாக்கும் நுண்ணுயிர் ஒரு வீட்டுப் பானையில் இருக்கலாம், அடுத்த வீட்டுப் பானையில் இல்லாமல் போகலாம். பழைய சோறு குடலுக்கு இதமான, எளிய, அருமையான உணவு. அதன் மதிப்பைக் காக்க விரும்புவோர் அதன்மேல் பொய்க்கணக்கை ஏற்றக் கூடாது.

பி12 குறைபாடு ஏன் அஞ்சத்தக்கது என்பதையும் தெளிவாக்க வேண்டும். கல்லீரலில் இருக்கும் சேமிப்பு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை தாங்கும். அதனால் பாலை விட்ட முதல் ஆண்டில் உடல் இலேசானது, தெம்பாக இருக்கிறது என்று சொல்வோரின் சாட்சியம் உண்மையாக இருக்கலாம், சான்றாக ஆகாது. கீரையும் பருப்பும் மிகுந்த தட்டில் ஃபோலேட் ஏராளம். அது இரத்தசோகையை வெளித்தெரியாமல் மறைக்க, நரம்பு பாதிப்பு உள்ளே தொடரும். காலில் மதமதப்பு வந்தபின் விழிப்பதே பலருக்கு நேர்கிறது. பூனாவில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு, கருவுற்ற காலத்தில் ஃபோலேட் மிகுந்தும் பி12 குறைந்தும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அந்தத் தாய்மார் வீகன்கள் அல்லர் என்பது கவனத்துக்குரியது. பால் குடிக்கும் சைவருக்கும் இந்த இடர் உண்டு. வீகனுக்கு அது உறுதி.

தீர்வு எளிது, மலிவும்கூட. நாளொன்றுக்கு வேண்டியது 2.2 மைக்ரோகிராம் மட்டுமே. வாய்வழியாகச் சிறு பங்கே சேரும் என்பதால், நாள்தோறும் 10 மைக்ரோகிராம் அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம் மாத்திரை என்று வீகன் சங்கம் வகுத்திருக்கிறது. அந்த அளவுகள் சயனோகோபாலமின் என்ற பி12 வடிவத்தைக் கருதியவை. நம் மருந்துக்கடைகளில் பெரிதும் கிடைப்பது மெத்தில்கோபாலமின் என்ற வேறு வடிவம். ஆகவே மருத்துவரிடம் கேட்டு அளவை உறுதி செய்வதும், ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்வதும் வேண்டும். ‘மாத்திரை வேண்டும் உணவு இயற்கையானதா’ என்ற எதிர்வாதம் வலுவற்றது. அயோடின் கலந்த உப்பை அனைவரும் உண்கிறோம், அதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை. சொல்லப்போனால், மீனும் பாலும் நீங்கிய தட்டில் அயோடினுக்கு அந்த உப்பே ஆதாரம். உடல்நலம் கருதி வீகனாகி, அதே மூச்சில் அயோடின் சேர்க்காத இந்துப்புக்கு மாறுவோர் ஒரு கதவைத் திறந்து இன்னொன்றை அடைக்கிறார்கள்.

செறிவூட்டிய ரேஷன் அரிசி இந்தப் பள்ளத்தை நிரப்பாதா? உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி அதில் கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் வரை பி12 இருக்க வேண்டும். 250 கிராம் அரிசி உண்பவருக்கு அதிகம் போனால் 0.3 மைக்ரோகிராம், தேவையில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. அரிசி மட்டுமே உண்ணும் ஏழைக்கு அந்தச் சிறு கூடுதலும் பயனுள்ளது. வீகன் உணவுக்கு அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது.

இனி சந்தை வழி. இதன் நிறை ஒன்று உண்டு: பழக்கத்தை மாற்றாமல் பொருளை மாற்ற உதவுகிறது. காலைக் காப்பியை விட முடியாமல் திரும்பியவர்கள் பலர். அவர்களை இவ்வழி தக்கவைக்கிறது. 2022-ல் வந்த வீகன் உணவு விதிமுறைகளும் முத்திரையும் வாங்குபவருக்குத் தெளிவு தந்தன. சத்து சேர்த்த சோயாப் பால் உண்மையிலேயே பாலுக்கு நிகரான மாற்று. புரதம் ஏறத்தாழ சமம். ஆனால் சந்தையில் முன்னே நிற்பது பாதாம் பால். பெரும்பாலான பெட்டிகளில் 100 மில்லிக்கு ஒரு கிராம் புரதம்கூட இராது. பசும்பாலில் மூன்று கிராமுக்கு மேல். ஆவின் நீலப் பாக்கெட் 2021 விலைக் குறைப்புக்குப் பின் லிட்டர் 40 ரூபாய்க்கு வந்தது. பாதாம் பால் அதைப் போலப் பல மடங்கு. குறைந்த சத்தைக் கூடிய விலைக்குத் தருவதை நலம் என்றும் சொல்ல முடியாது, மலிவு என்றும் சொல்ல முடியாது. தேங்காய்ப்பாலும் இவ்வகையில் தப்பாது: ஆப்பத்துக்கும் சொதிக்கும் அது சிறந்தது, ஆனால் கால்சியமும் புரதமும் அற்பம், நிறைகொழுப்பு மிகுதி.

சந்தைப் பொருள்களில் ஒன்றை மட்டும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து விலக்க வேண்டும். மீல்மேக்கர் என்று நாம் அழைக்கும் சோயா உருண்டை 100 கிராமில் ஏறத்தாழ பாதி எடை புரதம். விலையை எடையால் வகுக்காமல் புரதத்தால் வகுத்தால் கடையில் இதனோடு போட்டியிடக்கூடியவை வேர்க்கடலையும் கொள்ளும் போன்ற சிலவே. ஆலையில் பதப்படுத்தியது என்பதும், தனக்கென்று சுவையில்லாதது என்பதும் அதன் குறைகள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் குருமாவிலோ பிரியாணியிலோ சேர்வதற்கு அக்குறைகள் தடையாகா.

விலை பற்றிய பொது வாதத்தையும் திருத்த வேண்டும். 2021-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 150 நாடுகளின் உணவு விலையை ஒப்பிட்டனர். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் வீகன் உணவு செலவை மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கும் என்பது பரவலாக மேற்கோளான முடிவு. அதே ஆய்வின் மறுபாதி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை: இந்தியத் துணைக்கண்டத்தில் நலமான, நீடித்து நிற்கும் உணவு முறைகள் இப்போது மக்கள் உண்பதைவிட மூன்றில் ஒரு பங்காவது கூடுதல் செலவு வைக்கும். காரணம் எளிது. அங்கே விலையுயர்ந்த இறைச்சியை விட்டுப் பருப்புக்கு வருகிறார்கள். இங்கே ஏழையின் தட்டில் விடுவதற்கு ஒன்றுமில்லை; மலிவான அரிசியிலிருந்து விலை கூடிய பருப்புக்கும் காய்க்கும் ஏற வேண்டியிருக்கிறது.

ரேஷன் கடைக் கணக்கு இதை வெட்டவெளிச்சமாக்குகிறது. தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2007-ல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு. நால்வர் கொண்ட குடும்பத்தில் தலைக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம் சொச்சம். வழிகாட்டு நெறி சொல்லும் 85 கிராமுக்கு அந்தக் குடும்பம் மாதம் பத்து கிலோ வாங்க வேண்டும். மீதி ஒன்பதும் வெளிச்சந்தை விலையில். மாதச் சம்பளக்காரருக்கு இது பால் கணக்கையும் நெய்க் கணக்கையும் நிறுத்திய பணத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அரை லிட்டர் பால் மட்டும் வாங்கும் தினக்கூலிக் குடும்பத்துக்கு அடங்காது. ‘மலிவு’ என்ற சொல்லை இவ்விருவருக்கும் ஒன்றுபோல நீட்டுவது பிழை.

மாற்று என்ற பெயரில் எதையும் வைக்கலாம் என்ற மெத்தனத்தைச் சத்துணவுத் திட்டத்திலும் பார்க்கலாம். முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கப்படுகிறது. முட்டையில் ஆறு கிராம் புரதமும் ஓரளவு பி12-ம் உண்டு. பழத்தில் ஒரு கிராம் புரதம், பி12 இல்லை. 25 கிராம் வேர்க்கடலையில் செய்த கடலைமிட்டாய் புரதத்திலாவது ஈடு செய்யும். போன சத்து எதுவோ அதைத் தருவதே மாற்று. கண்ணுக்கு ஒரு பொருள் இருந்தால் போதும் என்பது மாற்றாகாது. வீட்டுத் தட்டுக்கும் இதே விதி.

உழைப்பு என்ற அளவுகோலை இத்துறையில் எழுதுவோர் அநேகமாகத் தொடுவதில்லை. முருங்கைக்கீரையை உருவிச் சுத்தம் செய்யவும், பயறை ஊறவைத்து முளைகட்டவும், கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைக்கவும் நேரம் வேண்டும். வேர்க்கடலைத் தயிரை எடுத்துக்கொள்வோம். கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து, துணியில் வடித்து, அடிப்பிடிக்காமல் கிளறிக் கெட்டியாகக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் ஐந்தாறு பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவைத்தால் உறையும். முதல் உறை சற்றுக் காரமாகவும் தளர்வாகவும் இருக்கும். அதிலிருந்து எடுத்த அடுத்த உறை சீராக நிற்கும். தாளித்துக் கொட்டிய தயிர்ச் சாதத்தில் கடலை வாடை பெரிதும் அடங்கிவிடும். விலையில் இது நிச்சயம் வெற்றி, சுவையில் ஏற்கத்தக்கது. கால்சியத்தில் பால் தயிருக்கு ஈடாகாது. வேலையோ நாளுக்கு ஒரு மணி நேரம். அரசு 2011 முதல் வழங்கிய மிக்சியும் கிரைண்டரும் அரைக்கும் பாட்டைக் குறைத்தன. கிளறும் கை இன்னும் பெரும்பாலான வீடுகளில் பெண்ணின் கைதான். அந்த மணி நேரத்துக்கு விலை போடாமல் ‘வீட்டிலேயே மலிவாகச் செய்யலாம்’ என்று எழுதுவது அரைக்கணக்கு. வேலையைப் பகிர்ந்துகொள்ளாத வீட்டில் இந்த உணவு முறை ஒருவரின் கொள்கையாகவும் இன்னொருவரின் சுமையாகவும் முடியும்.

சுவையில் தமிழ்த் தட்டு பெரும்பாலும் தேறுகிறது. நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் என்பது பருப்புப் பொடிக்கும் இட்லிப் பொடிக்கும் விட்டுக்கொடுப்பே அன்று. அது அவற்றின் இயல்பான துணை. ரசம், வத்தக்குழம்பு, கூட்டு, துவையல், புளியோதரை எதற்கும் சேதமில்லை. மோர்க்குழம்பும் பால் பாயசமும் போகும். தயிர்ச் சாதம் வேறு உருவில் வரும். ஃபில்டர் காப்பிக்கு நிகர் இல்லை என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. கருப்பட்டிக் காப்பியும் சுக்குக் காப்பியும் கொங்குப் பக்கத்து வரக்காப்பியும் தம்மளவில் நல்ல பானங்கள். அவற்றை அவையாகவே மதிப்பது நன்று, போலியாகக் காட்டுவது அவற்றுக்கும் இழிவு. வெளியில் உண்பவருக்குத்தான் தொல்லை: சைவ ஓட்டலில் பொங்கல் முதல் ரோஸ்ட் வரை நெய் எதில் இருக்கிறது என்று கேட்டுக்கேட்டு உண்ண வேண்டும்.

உடல் நலத்துக்கு ஆதரவான சான்றையும் குறைத்துச் சொல்லக் கூடாது. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 22 ஜோடி ஒத்த இரட்டையர்களில் ஒருவருக்கு வீகன் உணவும் மற்றவருக்கு நல்ல கலப்புணவும் எட்டு வாரம் தந்து பார்த்தனர். வீகன் பக்கம் கெட்ட கொழுப்பு கூடுதலாகக் குறைந்தது. மரபணுவை ஒதுக்கிப் பார்க்கும் அம்முறை பாராட்டுக்குரியது. எட்டு வாரம் எலும்பையும் நரம்பையும் பற்றி எதுவும் சொல்லாது என்பது அதன் எல்லை. அமெரிக்க உணவியலாளர் கழகம் 2016-ல் எல்லாப் பருவத்துக்கும் வீகன் உணவு ஏற்கும் என்றபோது ‘தக்கபடி திட்டமிட்டால்’ என்ற நிபந்தனையோடுதான் சொன்னது. முழு எடையும் அந்த நிபந்தனையின் மேல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்காட்டுவோர் அந்த ஆவணத்துக்கு நீதி செய்யவில்லை.

1867-ல் வடலூரில் வள்ளலார் தருமச்சாலையைத் தொடங்கியபோது, உயிர்மேல் இரக்கமும் பசித்தவருக்குச் சோறும் ஒரே கடமையின் இரு பக்கங்களாக இருந்தன. வீகன் உணவை அறமாக முன்வைப்போருக்கு அதைவிடக் கடுமையான, அதைவிடச் சரியான அளவுகோல் நம் மண்ணில் இல்லை. எளியவர் தட்டுக்கு எட்டாத அறவுணவு பாதி அறமே.

முடிவுக்கு வருவோம். சந்தை வழி, சோயாப் பாலும் மீல்மேக்கரும் நீங்கலாக, நலத்திலும் விலையிலும் தோற்கிறது. மரபு வழி சுவையிலும் பொருள் வளத்திலும் முதல் மதிப்பெண் பெற்று, விகிதத்தில் சறுக்கி, பி12-ல் விழுகிறது. அதை அப்படியே பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல். கணக்கு வழி நான்கு நிபந்தனைகளோடு தேர்ச்சி பெறுகிறது: சோறு பாதியாகக் குறைய வேண்டும், பருப்பும் பயறும் கடலையும் நாளுக்கு 100 கிராமைத் தாண்ட வேண்டும், கேழ்வரகோ முருங்கையோ இன்றி ஒரு நாளும் கழியக் கூடாது, பி12 மாத்திரை தவறக் கூடாது. இவற்றை ஏற்கும் நலமான வளர்ந்தவருக்கு, மாத வருமானம் உள்ள குடும்பத்தில், இது நல்ல உணவு, கட்டுப்படியாகும் உணவு. தயங்காமல் பரிந்துரைக்கலாம். கருவுற்றவருக்கும் பாலூட்டுவோருக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவரின் கண்காணிப்பு இன்றிப் பரிந்துரைக்க இப்போதைய சான்று போதாது. தினக்கூலிக் குடும்பத்துக்கு இது இன்னும் கட்டுப்படியாகவில்லை. அந்தக் குறை உணவு முறையில் இல்லை, விநியோகத்தில் இருக்கிறது. ரேஷன் கடையில் அரிசிக்குக் கிடைக்கும் இடத்தில் பாதி பருப்புக்கும் கேழ்வரகுக்கும் கிடைத்தால் வீகன்களுக்கு மட்டுமல்ல, மாநிலத்தில் உள்ள ஒவ்வொரு தட்டுக்கும் நல்லது. வீகன் உணவுக்காகத் தமிழில் வாதாடுவோர் தம் ஆற்றலைப் பாதாம் பாலுக்குச் செலவிடாமல் அந்தக் கோரிக்கைக்குச் செலவிட வேண்டும்.